ஒரே அமர்வில் ஐந்து பாடங்கள்

மகனே,

உன்னைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுந்தது இன்று பின்னேரம்தான். ஐயாவின் தங்கை செல்லம்மா மாமி முற்றத்தில் நின்றபடியே அம்மாவிடம், "இந்தத் தையிலை கலியாணம் முடிஞ்சா வாற தைக்கு இவளின்ரை மடியிலை ஒரு பொடியன் கிடப்பான் மச்சாள், பாரன்" என்றார். "பெட்டை பிறந்தா?" என்று அம்மா கேட்டார். "அந்த வீட்டிலை முதல் பிறக்கிறது பொடியன்தான். மூண்டு தலைமுறையா அப்பிடி" என்று மாமி அடித்துச் சொல்லிவிட்டார். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினெட்டு வயது. தாலி இன்னும் ஏறவில்லை. உன்னுடைய தகப்பனாராக வரப்போகிறவர் என்று சொல்லப்படுகிறவரின் முகத்தைப் படத்தில் மாத்திரம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மாமி உன்னை இவ்வளவு உறுதியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டபடியால் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. வேறு ஒருவருக்கும் இதைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அட்சரகணிதக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். அம்மா பக்கத்தில் நித்திரை. ஐயா விறாந்தையில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் விளக்குத் திரியைக் கையால் மறைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தாய் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் அப்படி எழுதலாமோ தெரியாது, ஆனால் நீ வளர்ந்து, மீசை அரும்பி, ஒரு சர்வகலாசாலையின் வாசலில் நிற்கும் வயதில் இதை வாசிப்பாய் என்று எண்ணிக்கொண்டு எழுதுவதால் ஒளிக்காமல் சொல்கிறேன். நாளைக் காலை மாமி வெற்றிலை பாக்குடன் நாள் எழுதிய ஓலையைக் கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறார். அந்த ஓலை எங்கள் வாசல் படலையைத் தாண்டுவதற்குள் நான் ஐயாவிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் சர்வகலாசாலைக்குப் போவது இந்தப் பிறவியில் இல்லை. சொன்னால், அவர் என் முகத்தைப் பார்ப்பாரோ தெரியாது.

உன்னுடைய பேரனார், அதாவது என்னைப் பெற்ற ஐயா, புகையிலைத் தோட்டக்காரர். தமிழ் நன்றாக வாசிப்பார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பு ஒரு முறை பக்கத்து வளவுக்காரர் அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடுதாசி கொண்டுவந்து, "இது வேலி எல்லைக் கடுதாசி, அண்ணை" என்று வாசித்துச் சொல்லியிருக்கிறார். ஐயா நம்பிக் கையெழுத்து வைத்தார். அது எங்கள் கிணற்றுப் பங்கை விட்டுக்கொடுக்கும் கடுதாசி. அன்றிலிருந்து மூன்று வருடம் அம்மா அயலில் போய்த் தண்ணீர் அள்ளினார். பிறகுதான் ஐயா எங்கள் வளவுக்குள் வேறு கிணறு வெட்டினார். அதனால்தான் ஊரெல்லாம் "பெட்டையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு விட்டுப்போட்டான்" என்று கதைத்தபோதும், நெற்றி நிறையத் திருநீற்றோடு என்னை மாட்டுவண்டியில் ஏற்றி மிஷன் பள்ளிக்கூட விடுதியில் கொண்டுபோய் விட்டார். எனக்கு ஒன்பது வயதானதும் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடுதாசியெல்லாம் என் கைக்குத்தான் வரும். ஊர்த் தலைவரான விதானையார் அனுப்பும் அறிவித்தல், எருப் பையில் அச்சடித்தது, இருமல் மருந்துப் போத்தலின் சீட்டு, எல்லாம். விடுமுறையில் நான் வரும்வரை அவற்றை முகட்டு வளையில் செருகி வைத்திருப்பார். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். "என்ரை பிள்ளை வாசிச்சா வாசிச்சதுதான்" என்பார். இந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் எதைச் சொன்னேனோ அதுவே கடுதாசியில் இருந்தது.

அதை வைத்துக்கொண்டு நான் செய்ததைக் கேள். சீனியர் வகுப்புக்கு ஏறும்போது ஒரே மணியில் இரண்டு பாடம் நடந்தது. ஒரு அறையில் தையல், மறு அறையில் கணிதம். கணிதத்துக்கு ஐந்து பிள்ளைகள்தான். நான் அதுவரை எந்த வகுப்பிலும் முதலாம் பிள்ளை. தமிழிலும் தாவரவியலிலும் என் கொப்பியை மற்ற வகுப்புகளுக்கும் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுவார்கள். கணித அறையில் முதல் கிழமையே கரும்பலகைக்கு அழைக்கப்பட்டு, ஒரு பின்னத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். சுண்ணக்கட்டி கையில் உடைந்தது. உபதேசியாரின் மகள் கிரேஸ், எங்கள் ஒழுங்கையில்தான் வீடு, பின் வாங்கிலிருந்து, "பூ வரையச் சொல்லுங்கோ மிஸ், வடிவா வரைவாள்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை நான் தையல் அறையில் இருந்தேன்.

கணிதத்தை விட்ட பிள்ளைகளின் தாய் தகப்பனுக்குப் பள்ளித் தலைமையாசிரியையான வெள்ளைக்காரப் பெரிய மிஸ்ஸி அம்மா, கணிதம் இல்லாமல் சர்வகலாசாலைக்குப் போக முடியாது என்று ஆளுக்கொரு கடிதம் தந்துவிட்டார். அதோடு சர்வகலாசாலையின் விதிப்புத்தகத்தையும் பார்க்கத் தந்தார். அதில் தெளிவாகப் போட்டிருந்தது: எந்தப் பட்டத்துக்கு வருகிறவரும், எதைப் படிக்க விரும்பினாலும், முதலில் மற்றிக்குலேசனில் ஐந்து பாடம் சித்தியடைந்திருக்க வேண்டும், அல்லது அதற்குச் சமமாகச் சீனியரில் அதே பாடங்களில் திறமையாகத் தேறியிருக்க வேண்டும். ஆங்கிலமும் கணிதமும் எல்லாருக்கும் கட்டாயம். மூன்றாவது, இன்னொரு மொழி. மற்ற இரண்டும் நம் விருப்பம். நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு மிஸ்ஸி அம்மாவின் கடிதத்தைத் தாவரவியலுக்காகப் பூ உலர்த்தும் புத்தகத்தில் ஒரு முள்முருக்கம் பூவுக்குக் கீழே வைத்தேன். விதிப்புத்தகத்தை ஐயாவுக்கு வாசித்தேன்.

"பாடமெல்லாம் எங்கடை விருப்பம் எண்டு போட்டிருக்கு, ஐயா."

"கணக்கு?"

"பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கட்டாயமில்லையாம்."

"வெள்ளைக்காரன் யோசிச்சுத்தான் போட்டிருக்கிறான்" என்று ஐயா மகிழ்ந்தார்.

சீனியரில் நல்ல சித்தி. ஐயா பிள்ளையார் கோயிலில் பொங்கல் வைத்தார். சந்தையிலும் கோயில் வீதியிலும் நிறுத்தி நிறுத்தி, "என்ரை மோள் கொழும்புக்குப் போகுது, சர்வகலாசாலைக்கு" என்று சொன்னார். விண்ணப்பம் அனுப்பி ஒரு மாதம் கழித்து அங்கிருந்து மறுமொழி வந்தது: கணிதம் இல்லை, எடுக்க முடியாது. அதை மட்டும் உள்ளபடியே வாசித்துச் சொன்னேன். "விதியை மாத்திப்போட்டாங்கள், மிஸ்ஸி எங்களுக்குச் சொல்லேல்லை" என்று ஐயா சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். படலையிலேயே மிஸ்ஸி அம்மாவை மறித்துவிட்டார்.

"படிச்ச மனுசியோ நீங்கள்? கணக்கு வேணும் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதோ? எங்களைப் பேயர் எண்டு நினைச்சியளோ?"

மிஸ்ஸி அம்மா எங்கள் நாட்டுக்கு வந்து இருபது வருடம் இருக்கும். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். "நான் ஒரு கடிதம் எழுதினேன், ஐயா" என்றார்.

"என்ன கடிதம்? ஒரு கடிதமும் வரேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன். "அப்படியானால் தவறியிருக்கும்" என்றார் அவர். "மன்னிக்க வேண்டும்." ஐயா இன்னும் நாலு வார்த்தை ஏசிவிட்டுத் திரும்பினார். வழியெல்லாம் நான் ஒன்றும் பேசவில்லை. ஐயா அதைத் துக்கம் என்று நினைத்து எனக்குச் சோடா வாங்கித் தந்தார். அந்தச் சோடாவைக் குடித்தேன், மகனே. உன்னிடம் சொல்வதற்குக் கூசுகிற விஷயங்களில் அதுதான் முதலாவது.

பிறகு ஒரு வருடம் கிரேசிடம் கணிதம் படித்தேன். ஆம், சிரித்த அதே கிரேசிடம்தான். அவள் மற்றிக்குலேசன் எழுதி நாலு பாடத்தில் தேறி, இலத்தீனில் மட்டும் தவறியிருந்தாள். அங்கேதான் அந்த விதிப்புத்தகத்தின் இன்னொரு வரியைக் கண்ணால் கண்டேன். ஐந்தையும் ஒரே அமர்வில் சித்தியடைய வேண்டும். நாலில் தேறியவளுக்கு அந்த நாலும் கையில் இல்லை; திரும்பவும் ஐந்தும் எழுத வேண்டும். "இது என்ன நியாயம் எண்டு கேட்டு அழுதன்" என்றாள் கிரேஸ். "பேந்து நியாயம் கேக்கிறதை விட்டிட்டு மொழியை மாத்தினன். இலத்தீன் வேண்டாம், தமிழ் எடுக்கிறன். நீ எனக்கு நன்னூல் சொல்லித் தா. நான் உனக்கு முக்கோணம் சொல்லித் தாறன்." அப்படியே செய்தோம். பின்னேரங்களில் அவர்கள் வீட்டு விறாந்தையில் நான் புணர்ச்சி விதி சொல்ல அவள் கொட்டாவி விடுவாள். அவள் கேத்திரகணிதம் சொல்ல எனக்கு வியர்க்கும். வீட்டில் நான் தேற்றங்களை வாய்விட்டுப் பாடமாக்குவதைக் கேட்டு அம்மா, "நல்ல மந்திரம்தான், ஆனா சுவாமி பேர் ஒண்டும் வரேல்லையே" என்பார்.

தாவரம் படிக்கப் போகிறவளிடம் முக்கோணத்தை ஏன் கேட்கிறார்கள் என்று நான் நீண்ட நாள் கோபித்திருந்தேன். உனக்கும் அந்தக் கோபம் வரும். உனக்குப் பிடிக்காத ஏதோ ஒரு பாடத்தை உன் முன்னாலும் வைத்து, இதைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன். கேத்திரகணிதத்தில் ஒரு வரி எழுதினால் அது ஏன் என்று பக்கத்தில் எழுத வேண்டும். காரணம் இல்லாத வரியைக் கிரேஸ் பென்சிலால் வெட்டுவாள். "எனக்குத் தெரியும்" என்று நான் சொன்னால், "தெரிஞ்சா எழுதன்" என்பாள். அதுவரை என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் நான் வாசித்தால் வாசித்தது. வகுப்பில் முதலாம் பிள்ளை சொன்னால் சரி. நான் சொல்வதைச் சும்மா நம்பாத முதல் இடம் அந்தப் பாடம். அதை விட்டுத் தையல் அறைக்கு ஓடியவள், ஓடியதை மறைக்க ஐயாவின் நம்பிக்கையையே எடுத்துப் பாவித்தாள். என்னைப் புகழும் பாடங்களை மட்டும் படித்திருந்தால் இதை நான் எக்காலத்திலும் கண்டிருக்கமாட்டேன். கணிதம் இப்போதும் எனக்கு இனிக்கவில்லை. பகுபதம் போல அது எனக்குத் தானாகப் பிரிந்து வராது. ஆனால் நாற்பது கணக்கில் முப்பது செய்கிறேன். அந்த முப்பதும் ஒருவரும் எனக்குக் கொடுத்ததல்ல.

திருந்தியவள் ஒரேயடியாகத் திருந்தினாளோ என்றால் இல்லை. திரும்பவும் சோதனை எழுதப் போகிறேன் என்று ஐயாவிடம் கேட்டபோது, பெரிதாகக் கேட்டால் மறுத்துவிடுவார் என்று பயந்து சின்னதாகக் கேட்டேன். "கணக்கு ஒண்டுதான் குறை, ஐயா. அதை மட்டும் எழுதினாக் காணும்." விண்ணப்பத்தில் ஐந்து பாடமும் எழுதியிருந்தது. ஐயா கீழே கையெழுத்து வைத்தார். கிணற்றுப் பங்குக் கடுதாசியில் வைத்த அதே கையெழுத்து, அதே நெளிவு. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குள் மலாயாச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அங்கே றெயில்வேயில் கிளாக்கர். மூன்று மாத லீவில் வந்திருக்கிறார். மாசியில் கப்பல். ஆகவே தையில் கலியாணம் முடிய வேண்டும். சோதனையும் தைப்பொங்கல் கழிந்த அடுத்த கிழமை. ஐயா என்னைக் கூப்பிட்டு, "உன்ரை கணக்குச் சோதினை எண்டைக்கு, மோனை?" என்று கேட்டார். நேர அட்டவணையைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை" என்றேன். அது பொய்யில்லை. செவ்வாய் கணிதம்தான். ஆனால் திங்கள் ஆங்கிலம், வியாழன் தமிழ், வெள்ளி தாவரவியல், அடுத்த திங்கள் சரித்திரம். நான் செவ்வாயை மட்டும் சொன்னேன். ஐயா சாத்திரியாரிடம் போய் அதற்கு முந்திய நல்ல நாள்களையெல்லாம் வேண்டாம் என்று தள்ளி, "பிள்ளை சோதினை எழுதட்டும்" என்று வாதாடி, புதன்கிழமையைப் பொன்னுருக்குக்கு எடுத்துக்கொண்டு வந்தார். மாமி ஏசினார். "சோதினைக்காக நாள் பாக்கிற தகப்பனை இண்டைக்குத்தான் காணுறன்!" ஐயா சிரித்தார். எனக்குச் செய்த பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

உன் காலத்தில் எப்படியோ தெரியாது. எங்கள் பக்கத்தில் தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் அதன் பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் கலியாணம்வரை வீட்டுப் படி தாண்டக் கூடாது. பொன் உருகிய பின் சம்பந்தத்தைக் குலைப்பதும் இல்லை. புதன் பொன் உருகினால் வியாழன் தமிழ்ச் சோதனைக்கு நான் பஸ் ஏற முடியாது. நான் முதலாம் பிள்ளையாக நின்ற பாடத்தில் என் கதிரை வெறுமையாய்க் கிடக்கும். கணிதத்தில் சித்தியடைந்தும் எல்லாவற்றிலும் தவறியவளாவேன். அந்த நாளை ஓலையில் எழுதியாயிற்று.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன வயது. ஆனாலும் இரண்டு விஷயம் எழுதி வைக்கிறேன். சர்வகலாசாலை எதைக் கேட்கிறது என்று ஒரு கடுதாசி உன் கைக்கு வந்தால், அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசி. முக்கியமாக, எந்த வரி வந்ததும் பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறதோ அந்த வரியில் நின்று வாசி. அடுத்தது, ஒருவரிடம் கேட்க வேண்டியதைக் குறைத்துக் கேளாதே. ஐந்து வேண்டுமென்றால் ஐந்து என்று சொல். ஒன்று என்று கேட்டு வாங்கினால் அவர் மனமுவந்து ஒன்றைத்தான் தருவார். மீதி நாலுக்கும் நீ கள்ளனாவாய்.

வெளியில் சேவல் கூவுகிறது. ஐயா எழும்பிக் கிணற்றுத் துலாவடிக்குப் போகிற நேரம். அவர் முகம் கழுவிய உடன் சொல்லப்போகிறேன்.

*

மகனே, ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் எழுத முடியவில்லை.

சொன்னேன். துலாவடியிலேயே சொன்னேன். விதிப்புத்தகத்தையும் அட்டவணையையும் கையில் கொண்டு போயிருந்தேன். முதலில் ஐந்து பாடமும் எழுத வேண்டும் என்றதைச் சொன்னேன். பிறகு மிஸ்ஸி அம்மாவின் கடிதத்தையும் சொன்னேன். ஐயா துலாக்கயிற்றை விட்டுவிட்டார். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்த சத்தம் கேட்டது. அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. புத்தகத்தை நீட்டி, "வாசிச்சுக் காட்டட்டோ, ஐயா?" என்றேன்.

"இனி நீ வாசிக்காதை" என்றார். "உபதேசியார் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா."

கிரேஸ் தலையும் வாரி இழுக்காமல் ஓடிவந்தாள். ஐயாவும் அம்மாவும் மாமியும் விறாந்தையில் இருக்க, நான் தூணோடு நின்றேன். மாமியின் மடியில் வெற்றிலைத் தட்டம். கிரேஸ் விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து தொடங்கினாள். "அட்டை வேண்டாம் பிள்ளை" என்றார் அம்மா. "இல்லை, அட்டையும் வாசிக்கட்டும்" என்றார் ஐயா. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்ல வைத்தார். ஒரே அமர்வில் என்ற இடம் வந்ததும் கிரேஸ் நிறுத்தி, "இந்த வரி என்னை ஒருக்கா முழுங்கினது, மாமா. நாலு பாடம் பாஸ், ஒண்டிலை விழுந்தன், எல்லாம் போச்சு" என்றாள்.

"அது என்னடி கூத்து? நாலு தோசை சரியா வந்து ஒண்டு கருகினா அஞ்சையும் எறியிறதோ?" என்றார் மாமி.

"எறியத்தான் சொல்லுது, மாமி."

"அப்ப உவங்களுக்குச் சமைச்சுப் போட ஏலாது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்தினார். ஐயா சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கிணத்துப் பங்கு போன அண்டும் இப்பிடித்தான் ஒருத்தன் வாசிச்சுச் சொன்னவன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக அவர் என்னை அடித்திருக்கலாம். பிறகு, "அப்ப அந்த மனுசியிட்டை நான் படலையிலை நிண்டு கத்தினது?" என்று கேட்டார். "பிழை என்னிலைதான் ஐயா" என்றேன். "பிழை ஆரிலை எண்டு நான் கேக்கேல்லை. கத்தினது நான்" என்றார்.

அன்றே போனோம். ஒரு கதலி வாழைக்குலையை ஐயா தன் தோளிலேயே சுமந்தார். நான் பிடிக்கப் போக விடவில்லை. மிஸ்ஸி அம்மாவின் முன்னால் என்னை நிறுத்தி, "சொல்லு" என்றார். சொன்னேன். பிறகு அவர் கைகூப்பினார். மிஸ்ஸி அம்மா எழுந்து நின்றுவிட்டார். "ஐந்தையும் எழுதப் போகிறாளா?" என்று மட்டும் கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார். "எழுதப்போறன், ஐயா" என்றேன். மிஸ்ஸி அம்மாவிடமல்ல, ஐயாவிடம் சொன்னேன்.

அடுத்த நாள் அவரும் மாமியும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நாளைத் தள்ளிக் கேட்டார்கள். எழுதிய நாளை மாற்றித் தரும்படி போய்க் கேட்டதில்லை எங்கள் குடும்பத்தில். மாமி வந்து படலை திறக்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "அவையின்ரை தாய் முகத்தைத் தோளோடை திருப்பினா. மாப்பிளைதான் சிரிச்சுக்கொண்டு, 'ஓம் மாமா, அஞ்சும் ஒண்டா எழுத வேணும். நான் ரெண்டு தரம் விழுந்திட்டுத்தான் கப்பலேறினனான்' எண்டுறார்! வெக்கமில்லாமல் சொல்லுறார்!" அந்தப் படத்திலிருக்கும் முகத்தை அன்று இரவு இன்னொரு தரம் பார்த்தேன் என்று உன்னிடம் சொல்வதில் என்ன.

இன்று பின்னேரம் அவர்களுடைய முடிவு வந்தது. பொன்னுருக்கை அடுத்த திங்கள் சரித்திரச் சோதனை முடிந்த பின்னேரம் வைக்கலாம். அதே கிழமையில் கலியாணம். ஆனால் ஒரு சொல். சித்தியடைந்தாலும் கொழும்புக்குப் படிக்க விடமாட்டார்கள். மாசியில் கப்பல், நானும் கூட. சோதனை எழுதுவது பெண்ணின் ஆசைக்காக. அதற்கு ஓம் என்றால் ஓலையை உடனே அனுப்பச் சொல்லி ஆளையும் முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றார் மாமி. "இதுக்குமேலை என்ன வேணும்? கேட்ட நாள் தந்திட்டினம்."

ஐயா கதிரையில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார். அன்று மிஸ்ஸி அம்மாவிடம் போய் வந்த பிறகு அவர் என்னோடு நேரே கதைக்கவில்லை. "அவை கேட்டது விளங்கினதோ?"

"விளங்கினது."

"நீ என்ன சொல்லுறாய்?"

என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. ஓம் என்று சொன்னால் வீடு முழுக்கச் சந்தோஷம் வரும். ஐயாவும் பழையபடி என்னோடு கதைப்பார். சின்னதாகச் சொல்லித் தப்பிக்கொள்ளும் வழி அங்கேயும் இருந்தது. "இப்போதைக்கு ஓம்" என்று ஒரு வார்த்தை. அது வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"நான் படிக்கத்தான் எழுதுறன் ஐயா. ஆசைக்கு எழுதேல்லை. சித்தியடைஞ்சா கொழும்புக்குப் போக வேணும். அவைக்கு அது சரியில்லையெண்டா இப்பவே தெரியட்டும்."

மாமி தலையில் கை வைத்தார். "கேட்டியளோ! மலாயா மாப்பிளையை வேண்டாமெண்டுறாள்!"

"வேண்டாமெண்டு சொல்லேல்லை, மாமி. அவர் வேணுமெண்டா தாலி கட்டி என்னை இஞ்சை விட்டிட்டுப் போகட்டும், நான் படிச்சு முடியக் கூப்பிடட்டும். ஏலாதெண்டா ஏலாதெண்டு அவர் சொல்லட்டும்."

ஐயா முற்றத்து மனிதனைப் பார்த்தார். பிறகு எழுந்து விறாந்தை விளிம்புக்குப் போய், "தம்பி, இப்பிடிப் போய்ச் சொல்லு. பிள்ளை சர்வகலாசாலைக்குப் போகத்தான் எழுதுது. அஞ்சு சோதினையும் முடியட்டும். அதுக்குமுதல் இந்த வீட்டிலை பொன் உருகாது. அதுமட்டும் காத்திருக்க விருப்பமெண்டா இருக்கட்டும்" என்றார். அவன் போன பிறகு மாமி அழுதார், மாப்பிள்ளையைக் காக்க வைத்த பெண் என்று ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கும்தான். ஐயா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அனுமதிச் சீட்டைக்கூட நேற்றுக் கிரேசைக் கொண்டுதான் வாசிப்பித்தார். இன்னும் நெடுநாள் அப்படித்தான் இருக்கும் என்று தெரிகிறது. ஆனால் நாளை விடிய என்னைப் பட்டினத்துச் சோதனை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும் அவர்தான். சால்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.

பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். அந்த வீட்டிலிருந்து என்ன மறுமொழி வரும் என்று தெரியாது. உனக்குத் தகப்பன் யார், நீ எந்த ஊரில் பிறப்பாய், பிறப்பாயோ என்பதே இப்போது தெரியாமல் போய்விட்டது. அடுத்த தைக்கு மடியில் கிடப்பாய் என்று மாமி சொன்னாரே, அது நடக்காது. நீயும் கொஞ்சம் பொறுத்திரு, மகனே. எனக்கு நாளை ஒன்பதரைக்கு ஆங்கிலம்.